பின்சீட்டுக்காரியின் வழக்கு

அத்தியாயம் ஒன்பது

நான்கு மாதமாகக் கிரேன்காரியின் இடது முழங்காலுக்குள் இரண்டு தகடும் ஏழு திருகாணியும் இருக்கின்றன. அவள் கணவர் மாஸ்டருக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அதுவும் ஆறிப்போய்விட்டது. ஒரே பைக், ஒரே லாரி, ஒரே நொடி. முன்னால் உட்கார்ந்தவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பின்னால் உட்கார்ந்தவளை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கூடவே வருகிறவர்களுக்கு இது தெரிந்த கதை. இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்கு இன்னும் இரண்டு வரி. நின்றுகொண்டிருந்த தண்ணீர் லாரியின் முதுகில் போய் முட்டியவர், ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுத்தரும் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். "நாய் குறுக்கே வந்துச்சு" என்று போலீஸில் எழுதிக்கொடுத்தார். நாய் வரவில்லை. பின்னால் இருந்த மனைவிக்குப் பதில் சொல்ல அவர் தலையைத் திருப்பினார், அவ்வளவுதான். போன வாரம் அந்த மனைவி, புருஷனுக்குத் தெரியாமல் ஒரு வக்கீலம்மாவிடம் போய், நஷ்டஈடு கேட்டு மனு போட முடியுமா என்று விசாரித்துவிட்டு வந்தாள்.

இன்று செவ்வாய்க்கிழமை. ஏணி ஏறிக் காட்ட வேண்டிய நாள்.

சரக்குப் பெட்டிகள் வந்து இறங்கும் யார்டில் பதினோரு வருடமாகப் பெரிய கிரேன் ஓட்டுகிறவள் அவள். யார்டில் வைத்த பெயர் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கேபினுக்குப் போக லிஃப்ட் கிடையாது. அறுபத்து நான்கு கம்பிப்படி, செங்குத்தாக. அதில் ஏறத் தெரிந்தவனுக்குத்தான் கிரேன்.

மாஸ்டர் தரையில் மண்டியிட்டு அவள் முழங்காலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தார்.

"இறுக்கமா இருக்கா?"

"சரியா இருக்கு."

"நானும் வரட்டுமா? கீழ நின்னுக்கறேன்."

"வேண்டாம். உங்களுக்குக் கிளாஸ் இருக்குல்ல."

நான்கு மாதமாக மனிதர் ஒரு குறை வைக்கவில்லை. சமைத்தார், துவைத்தார், மாத்திரையை வேளை தவறாமல் உள்ளங்கையில் வைத்தார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் அம்மாள் "குடுத்து வெச்சவ நீ" என்று பெருமூச்சு விட்டாள். கிரேன்காரிக்கு அதுதான் தாங்கவில்லை. முரட்டுப் புருஷனாக இருந்திருந்தால் கத்தித் தீர்த்திருக்கலாம். மண்டியிட்டுப் பட்டை சுற்றுகிறவரிடம் எந்த வாயால் கேட்பது?

யார்டில் காற்று பலமாக இருந்தது. சூப்பர்வைசர் கையில் ஒரு படிவத்தோடு கிரேனின் காலடியில் காத்திருந்தார். பாதுகாப்புப் பெல்ட்டை அவரே மாட்டிவிட்டார்.

"அவசரமே இல்லம்மா. மெதுவா."

வலது காலை வைத்தாள். கைகளால் உடம்பை இழுத்து, இடது காலைக் கொண்டுவந்து அதே படியில் சேர்த்தாள். முன்பெல்லாம் சாப்பாட்டுப் பையை வாயில் கவ்விக்கொண்டு ஓடி ஏறிய ஏணி. இப்போது ஒவ்வொரு படியும் ஒரு பேச்சுவார்த்தையாக இருந்தது. ஆறு. ஏழு. ஒன்பதாவதில் முழங்காலுக்குள் யாரோ நெருப்புக்குச்சி உரசியது போலிருந்தது. பதினொன்றாவதில் கால் மடங்க மறுத்தது. மடக்கப் பார்த்தாள். அது தன் கால் மாதிரியே இல்லை.

மேலே கேபினிலிருந்து புது ஆபரேட்டர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு இரண்டு தடவை ஹார்ன் அடித்தான். யார்டில் அது வணக்கம் சொல்லும் முறை. நல்ல மனசோடுதான் அடித்தான். அவளுக்கோ கண்ணில் குபுக்கென்று நீர் வந்தது. துடைக்கக் கையை எடுக்க முடியாது, எடுத்தால் விழுவாள்.

இறங்குவதற்கு ஏறியதைவிட இரண்டு மடங்கு நேரமானது.

சூப்பர்வைசர் அவளைப் பார்க்கவில்லை, படிவத்தைப் பார்த்தார். "கேட்ல ரிஜிஸ்டர் எழுதற வேலை இருக்கும்மா. உட்கார்ந்த வேலைதான்."

"இத்தனை வருஷமும் உட்கார்ந்துதான் சார் வேலை பார்த்தேன். மேல."

அவர் பேனாவை மூடினார். "சம்பளம் பாதிதான் வரும். நான் மறைக்க விரும்பல. வெள்ளிக்கிழமைக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க. டாக்டர் எழுதினதுல, இனிமே இந்த முட்டி இவ்வளவுதான்னு இருக்கு."

இனிமே இவ்வளவுதான். அதை அவளிடம் யாரும் அதுவரை அப்படிப் பச்சையாகச் சொல்லியிருக்கவில்லை. கேட்டைத் தாண்டி வெளியே வருவதற்குள் போன் அடித்தது. வக்கீலம்மா.

"எங்க இருக்கீங்க? உடனே வர முடியுமா? போன வாரம் நான் அனுப்பின நோட்டீஸுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட இருந்து பதில் வந்திருக்கு. போன்ல படிக்கிற விஷயம் இல்ல."

வக்கீலம்மாவின் அறை ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால். படி ஏற வேண்டாம், அந்தமட்டும் நிம்மதி. வக்கீலம்மாவுக்கு ஜலதோஷம். மூக்கைச் சிந்திக்கொண்டே கோப்பைத் திறந்தார்.

"முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்குங்க. போன வாரம் நீங்க பயந்துபோய் இருந்தீங்க, மண்டையில ஏறியிருக்காது. பின்சீட்ல உட்கார்ந்தவங்க கையில ஹேண்டில் இல்ல. பிரேக் இல்ல. அவங்க வண்டியை ஓட்டல. அதனால, தப்பு லாரிக்காரன் மேல இருந்தாலும் சரி, பைக் ஓட்டினவர் மேல இருந்தாலும் சரி, நஷ்டஈடு கேக்கற உரிமை அவங்களுக்கு உண்டு. ஓட்டினவர் சொந்தப் புருஷனா இருந்தாலும் உண்டு."

"அவர் மேலயே கேஸ் போடறதா ஆயிடுமே?"

"காகிதத்துல அவர் எதிர்க்கட்சிதான். ஆனா குடுக்கப்போறது கம்பெனி. பின்னால உட்காரறவங்களுக்கும் சேர்த்துத்தான் பாலிசி எடுத்திருக்கார். ஒண்ணே ஒண்ணு, தப்பு யார் மேலன்னு நாம சொல்லணும். நாய் மேலன்னு சொன்னா, நாயைத் தேடிக்கிட்டுத்தான் போகணும்."

கிரேன்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. "அவங்க என்ன பதில் அனுப்பியிருக்காங்க?"

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஹெல்மெட் கொக்கி மாட்டலன்னு ஒண்ணு எழுதியிருக்காங்க. அதை விடுங்க. உடைஞ்சது முட்டி. முட்டிக்கு யாரும் ஹெல்மெட் போடறதில்ல. அதை ஒரு வரியில தள்ளிடலாம். இன்னொண்ணுதான் சிக்கல். விபத்து நடந்த மாசமே உங்க வீட்டுக்காரர் பைக் ரிப்பேருக்கு கிளைம் போட்டாரா?"

"போட்டார்."

"அதை விசாரிக்க வந்தவங்ககிட்ட ஒரு வாக்குமூலம் எழுதிக் குடுத்திருக்கார். நகல் இது. நீங்களே படிங்க."

தட்டச்சு செய்த தாள். பாதிக்குக் கீழே அந்த வரி. 'பின்னால் அமர்ந்திருந்த என் மனைவி வாக்குவாதத்தில் திடீரென என் தோளைப் பிடித்து இழுத்ததால் வண்டி கட்டுப்பாட்டை இழந்தது.' அடியில் கையெழுத்து. மகளின் பள்ளி ரிப்போர்ட்டில், வாடகை ஒப்பந்தத்தில், அவள் ஆபரேஷனுக்குச் சம்மதம் கொடுத்த தாளில் பார்த்த அதே கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் மட்டும் நீளமாக.

"இழுத்தீங்களா?" என்றார் வக்கீலம்மா.

"என் ரெண்டு கையும் பின்னால கம்பியைப் பிடிச்சிருந்தது. மடியில பை."

"ஆஸ்பத்திரியில அவங்க ஆள் வந்து உங்ககிட்டயும் கேட்டாரே, என்ன சொன்னீங்க?"

"ஞாபகம் இல்லன்னு சொன்னேன்."

"ஞாபகம் இருந்ததா?"

"எல்லாமே இருந்தது."

"அப்புறம் ஏம்மா?"

கிரேன்காரி தாளை மடித்தாள், பிரித்தாள். "இவர் பக்கத்துல உட்கார்ந்து எனக்கு ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருந்தார்."

வக்கீலம்மா மனுவின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி அவள் முன்னால் வைத்தார். பிறகு சொன்னார்: "விபத்துக்கு நீங்களே காரணம்னு ஆயிட்டா, கிடைக்கிறது பாதியா குறையும். ஒண்ணுமே இல்லன்னும் ஆகலாம். மனு போட இன்னும் ஒன்பது நாள்தான் கெடு. கையெழுத்துப் போடறதா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். போட்டா, முழு உண்மை போடணும். பாதி உண்மையை வெச்சு நான் வாதாட மாட்டேன்."

மனுவின் கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. அவள் பேனாவைத் தொடவில்லை. தொடவில்லை என்பதற்காக விட்டுவிட்டாள் என்று அர்த்தமில்லை. வாக்குமூலத்தின் நகலை மட்டும் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

டிரைவிங் ஸ்கூல், மாஸ்டரின் அக்காவுடையது; கிரேன்காரி அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். பலகையிலும் லைசென்ஸிலும் அண்ணியின் பெயர்தான். மாஸ்டர் அங்கே சம்பளத்துக்கு இருக்கிற தம்பி. வாசல் மேஜையில் இருந்த அண்ணி, தடி ஊன்றி வருகிறவளைப் பார்த்ததும் முகம் மாறினாள்.

"என்ன இந்தப் பக்கம்? வேலை என்னாச்சு?"

"சும்மா, கிளாஸ் கேக்கலாம்னு வந்தேன் அண்ணி."

"கிளாஸா? நீயா?"

கிரேன்காரி உள்ளே போனாள். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். கல்லூரிப் பெண்கள், ஒரு தாத்தா, சீருடை போட்ட ஒரு நர்ஸ். கரும்பலகையில் இரண்டு செவ்வகம், நடுவே ஒரு அம்புக்குறி. மாஸ்டர் முதுகைக் காட்டி எழுதிக்கொண்டிருந்தார். திரும்பியவர், கடைசி பெஞ்சில் மனைவியைப் பார்த்ததும் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு எடுத்தார்.

"...அதாவது, முன்னாடி போற வண்டி எப்ப வேணா நிக்கும். நிக்கும்னு நினைச்சுத்தான் நாம ஓட்டணும்."

கிரேன்காரி கையை உயர்த்தினாள். "ஒரு சந்தேகம், மாஸ்டர்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"பின்னால உட்கார்ந்திருக்கறவங்க ஏதாவது பேசினா, ஓட்டறவர் என்ன பண்ணணும்?"

கல்லூரிப் பெண் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மாஸ்டர் சிரிக்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ரோட்டைப் பார்த்துக்கிட்டே பதில் சொல்லணும்."

"திரும்பிப் பார்த்தா?"

"பார்க்கக் கூடாது."

"பார்த்துட்டா, மாஸ்டர்? பார்த்து, முட்டி, பின்னால இருந்தவங்க விழுந்துட்டா? தப்பு யாருது?"

வெளியே பயிற்சிக் கார் ஒன்று உறுமி நின்றது. தாத்தா ஆவலாக நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதத் தயாரானார். பரீட்சையில் வரும் கேள்வி என்று நினைத்திருப்பார், பாவம்.

"ஓட்டினவர் தப்பு" என்றார் மாஸ்டர். தாத்தா எழுதிக்கொண்டார்.

பத்து நிமிடத்தில் வகுப்பை முடித்துவிட்டு மாஸ்டர் பின்பக்கம் வந்தார். டயர்கள் அடுக்கிய கொட்டகையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். தாளை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அது என்னவென்று தெரிந்துவிட்டது.

"படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்னு சொல்லுங்க" என்றாள். "நம்பறேன். சத்தியமா நம்பிடறேன்."



"படிச்சேன்" என்றார். "ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் போட்டேன்."

"ஏன்?"

"அந்த ஆளு நாய் கதையை நம்பல. லாரிக்காரன் நாயே வரலன்னு எழுதிக் குடுத்துட்டானாம். உங்க கவனக்குறைவுன்னு எழுதினா மாஸ்டர் லைசென்ஸ் போயிடும்னான். ஸ்கூல் பர்மிட்டும் சிக்கலாகும்னான். அக்கா அழுதா. பின்னால இருந்தவங்க அசைஞ்சா யார் தப்பும் இல்லன்னு அவனே சொல்லிக் குடுத்தான். உனக்குப் பாதிப்பு வரும்னு தெரியாதும்மா. நீ கேஸ் போடுவேன்னே நான் நினைக்கல."

"அதைத்தான் சொல்றேன். நான் கேக்கவே மாட்டேன்னு நினைச்சீங்க."



"இன்னிக்குப் பதினோரு படிதான் ஏறினேன்" என்றாள். "அதுக்கு மேல இந்தக் கால் ஏறாது. டாக்டர் எழுதிட்டார். உங்க லைசென்ஸ் போயிடக் கூடாதுன்னு நாலு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். என் ஏணி போயிடுச்சே, அதுக்கு யார் அழுதா?"

கொட்டகை வாசலில் அண்ணி வந்து நின்றிருந்தாள். "புருஷன் மேலயே கேஸா? நாலு பேர் கேட்டா என்ன சொல்லுவாங்க? நாலு மாசமா உனக்குச் செருப்பு மாட்டிவிடறான் என் தம்பி. அந்த நன்றி..."

"அக்கா, நீ உள்ள போ" என்றார் மாஸ்டர். குரல் உயரவில்லை. ஆனாலும் அண்ணி வாயை மூடிக்கொண்டாள். தம்பி அவளை அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

கிரேன்காரி ஆட்டோ பிடித்துத் தனியாக வீடு வந்தாள்.

சாயங்காலம் வீடு வீடாக இல்லை. மாஸ்டர் வந்தார், சட்டையை மாற்றாமல் பால்கனியில் நின்றார். அவள் துவைத்த துணியை மடித்து வைத்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். பதினோராம் வகுப்பு படிக்கும் மகள், எல்லோருக்கும் குட்டி, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை போன் பண்ணி அவளிடம் என்னவோ சொல்லியிருந்தாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அம்மா, நீ கேஸ் போடப் போறியா?"

"உனக்கு எதுக்கு அது? படி."

"அப்பா எழுதிக் குடுத்தது பொய்தானே?"

துணி கையிலேயே நின்றது. "யார் சொன்னா?"

"யாரும் சொல்லல." குட்டி பேனாவை மூடி மூடித் திறந்தாள். "அன்னிக்கு நான் சாவி எங்கன்னு கேட்டு போன் பண்ணினேன்ல. நீ, ஷூ ஸ்டாண்டு மேல இருக்குன்னு சொல்லிட்டு போனைப் பையில போட்டுட்ட. கட் பண்ணல. நானும் கட் பண்ணல. நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டிருந்தீங்க. கேட்டுக்கிட்டே இருந்தேன்."

கிரேன்காரி துணியைக் கீழே வைத்தாள்.

"நீ இன்னும் பெரிய கிரேனுக்கு மாறப்போறேன்னு சொன்ன. அப்பா வேண்டாம்னார். அப்புறம் நீ, 'முன்னாடி பாருங்க, முன்னாடி பாருங்க'ன்னு ரெண்டு தடவை சொன்ன. அப்பா, 'உனக்கு உயரத்துல உட்கார்ந்து உட்கார்ந்து மத்தவங்கல்லாம் சின்னதாத் தெரியறாங்க'ன்னு சொன்னார். சொல்லி முடிக்கல. 'தெரி'ன்னு வந்தது. அதோட சத்தம்." குட்டி புத்தகத்தை மூடினாள். "அதுக்கப்புறமும் கட் பண்ணலம்மா. நீ கத்தினதெல்லாம் கேட்டேன்."

நான்கு மாதம். இந்தப் பெண் அதைத் தலைக்குள் வைத்துக்கொண்டு டியூஷனுக்குப் போனாள், தலை பின்னிக்கொண்டாள், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். தன் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கு இது தெரியவில்லையே.

"நான் கோர்ட்டுக்கு வந்து சொன்னா உனக்கு நஷ்டஈடு கிடைக்குமா?" என்றாள் குட்டி. "அப்பா வேலை போயிடுமா?"

காலையிலிருந்து எல்லோருக்கும் பதில் வைத்திருந்தவள் அவள். சூப்பர்வைசருக்கு, வக்கீலுக்கு, மாஸ்டருக்கு. இதற்கு, மகளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பால்கனிக் கதவு திறந்தே இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

மாஸ்டர் உள்ளே வந்து நின்றார். 

"அவ வர வேண்டாம்" என்றார். "அவளைக் கூண்டுல ஏத்தி, அப்பன் என்ன சொன்னான்னு எவனும் கேக்க வேண்டாம். நானே சொல்றேன். வக்கீலம்மா நம்பர் குடு."

கிரேன்காரி அவரைப் பார்த்தாள். இரக்கம் வரவில்லை. இவ்வளவு நேரம் கழித்து வந்த உண்மைக்கு உடனே கதவு திறந்துவிட அவளால் முடியவில்லை. நம்பரை மட்டும் சொன்னாள்.

அவர் ஸ்பீக்கரில் போட்டார். எல்லாவற்றையும் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். நாய் இல்லை. தோளை யாரும் இழுக்கவில்லை. திரும்பினேன். மகள் போனில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வக்கீலம்மா நடுவில் இரண்டு தடவை தும்மினார், ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை.

"சார், முதல்ல நாய். அப்புறம் மனைவி. இப்ப நீங்க" என்றார் கடைசியில். "இது உங்க மூணாவது வாக்குமூலம். நஷ்டஈட்டுக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் கூட்டுச் சேர்ந்து மாத்திச் சொல்றாங்கன்னு கம்பெனி சொல்லும். சொல்லாம இருந்தாத்தான் ஆச்சரியம். இன்னொண்ணு, நான் உங்க மனைவிக்கு வக்கீல். நீங்க எனக்கு எதிர்க்கட்சி. உங்களுக்குன்னு ஒரு வக்கீலைப் பார்த்துப் பேசிட்டு, உங்க இஷ்டத்துக்கு எழுதிக் குடுங்க. என்ன எழுதணும்னு நான் சொல்லித்தர முடியாது." சற்று நிறுத்தினார். "அம்மா, நீங்க இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"மனு?"

கிரேன்காரி மகளின் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நாளைக்குக் காலையில வந்து கையெழுத்துப் போடறேன். அவர் என்ன எழுதிக் குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி. நடந்ததை நான் சொல்லிடறேன். ஞாபகம் இல்லன்னு நான் சொன்னதையும் சேர்த்து எழுதிக்குங்க."

"உங்க பொண்ணு பேரைச் சாட்சியா சேர்க்கட்டுமா?"

"அவ பேரு வேண்டாம்."

"அது நம்ம கையில மட்டும் இல்லம்மா" என்றார் வக்கீலம்மா மெதுவாக. "அந்த நேரத்துல உங்க போன் லைன்ல இருந்ததுன்னு கணக்கு எடுத்தா தெரிஞ்சிடும். அவங்களும் எடுப்பாங்க."

இணைப்பு துண்டானது. 

அடுத்த நொடியே மாஸ்டரின் கையில் போன் அதிர்ந்தது. திரையில் 'அக்கா'. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவர் அதை எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. மூன்றாவது முறை அடித்தபோது கிரேன்காரி சுவரைப் பிடித்து எழுந்து வந்து, அவர் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"சொல்லுங்க அண்ணி" என்றாள். "நான்தான் பேசறேன்."